கம்பெனியின் வரைபடத்தில் இல்லாத வீடு

தெருவின் கடைசி இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரே சுவர். ஒரு பக்கம் வயலின் டீச்சர் இருந்தார். மறுபக்கம் அவள் குடிவந்தாள். தண்ணீர்க் குழாய் இரண்டு வீட்டுக்கும் வந்தது. மின்சாரமும் வந்தது. இணையக் கேபிள் மட்டும் டீச்சர் வீட்டு ஜன்னலோடு நின்றுவிட்டது.

"நெட்டுக்கு என்ன, போன் போட்டா மறுநாளே வந்து மாட்டிட்டுப் போவாங்க" என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அவள் போன் போட்டாள். பதிவுசெய்த குரல் ஒன்று முகவரியைக் கேட்டுக்கொண்டது. பிறகு, அந்த முகவரி எங்கள் சேவை வரைபடத்தில் இல்லை என்றது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே என்று அந்தக் குரலிடம் சொல்ல வழி இல்லை. ஒன்றை அழுத்தலாம், அல்லது இரண்டை அழுத்தலாம்.

வேறு கம்பெனி கிடையாது. முன்பு இருந்த சின்னக் கம்பெனிகளை இது வாங்கிவிட்டது. கம்பங்களில் கேபிள் கட்டும் உரிமையும் இதனிடம் மட்டும்தான். அதனால் ஊரில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. கம்பெனி என்றால் எல்லாருக்கும் புரிந்துவிடும்.

அவள் உயிரியல் படித்தவள். ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம் அனுப்பும் ஸ்லைடு படங்களைத் திரையில் பார்த்து, வெள்ளை அணுக்களை வகைபிரித்துக் குறிப்பது அவள் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதற்காகவே அதை எடுத்துக்கொண்டாள். மனிதர்களை அணு அணுவாகப் பார்ப்பதில் அவளுக்குச் சிரமம் இல்லை. முழுதாகப் பார்ப்பதுதான் கஷ்டம். ஆனால் படங்கள் ஒவ்வொன்றும் பெரியவை. வாசற்படியில் நின்று கைபேசியை உயர்த்திப் பிடித்தால் ஒரு படம் இறங்கும். அடுத்தது பாதியில் நிற்கும்.

அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் டீச்சர் முதல்முதலாகப் பேசினார். ஐம்பதைத் தாண்டிய, நெட்டையான பெண்மணி. கையில் குப்பைக்கூடை.

"தினமும் கையைத் தூக்கிட்டு நிக்கறியே, பஸ் இந்தப் பக்கம் வராதும்மா."

"சிக்னலுக்கு."

"என்ன படிச்ச?"

"உயிரியல்."

"படிச்சு முடிச்சும் உன்னை வாசல்ல நிக்க வச்சுட்டாங்களா?" டீச்சர் குப்பைக்கூடையைக் கீழே வைத்தார். "போனைக் குடு. என் பாஸ்வேர்டைப் போட்டுத் தர்றேன். ஒண்ணு மட்டும். நான் பாடம் எடுக்கறப்போ உன் பெரிய படத்தையெல்லாம் இழுக்காதே. பசங்க முகம் பாதிக் கொட்டாவியில நின்னு போகும்."

அவள் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் டீச்சர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அவளைப் பெயர் கேட்காமல் 'கண்ணாடி' என்றே கூப்பிட்டார். மூக்குக்கண்ணாடி போட்டிருந்த யாருக்கும் கிடைக்கக்கூடிய பெயர். ஆனால் வேறு யாரும் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதனால் அது பிடித்திருந்தது.

டீச்சரின் மாணவர்கள் யாரும் அந்த ஊரில் இல்லை. அவர் வேலை பார்த்த இசைப்பள்ளி மூடப்பட்டதும் அவர்களெல்லாம் திரைக்குள் வந்துவிட்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் டீச்சரின் குரல் மட்டும் கேட்கும். "முழங்கையை இறக்கு." "அது வில்லு, ரம்பம் இல்ல." "அழுதுட்டு வா, நான் இங்கயேதான் இருப்பேன்." பதில்கள் டீச்சரின் காதில் மாட்டிய கருவிக்குள் போய்விடும்.

வயலின் சத்தம் தொடங்கினால் அவள் படங்களை இறக்குவதை நிறுத்துவாள். ஏற்கெனவே இறங்கியவற்றில் அணுக்களைப் பிரிப்பாள். சத்தம் நின்றதும் அடுத்த தொகுதிக்கு அழுத்துவாள். அவளுடைய நாள் அந்தச் சுவரை வைத்து ஓடியது. சாப்பிடுவதும் அப்படித்தான், குளிப்பதும் அப்படித்தான். அழும் பெண் ஒருத்தி, பயிற்சியே செய்யாத பல் டாக்டர் ஒருவர், எப்போதும் அவசரப்படும் யாரோ ஒருவர் என்று மாணவர்கள் அவளுக்குப் பழகிப்போனார்கள். அவர்களுடைய முகம் அவளுக்குத் தெரியாது. அவள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

கோடைக்குப் பிறகு இணைப்பு மெதுவானது. அவள் எதையும் இறக்காத நேரத்திலும் சுவருக்கு அந்தப் பக்கம் "கேக்குதா, கேக்குதா" என்ற சத்தம் அதிகமானது. டீச்சர் கம்பெனிக்குப் போன் செய்தார். மெதுவாக இருப்பது பிடிக்கவில்லையென்றால் மேல்தரத் திட்டத்துக்கு மாறலாம் என்றது குரல். மாறினார். மேல்தரத் திட்டமும் மெதுவாகவே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் நகர சபை ஒரு விசாரணையை அறிவித்தது. தண்ணீர், மின்சாரம் போல இணையத்தையும் பொதுச் சேவையாக்கிக் கம்பெனியை விதிகளுக்குள் கொண்டுவரலாமா என்பது கேள்வி. கொண்டுவந்தால், கேட்கும் எல்லா வீட்டுக்கும் இணைப்பு தரவேண்டும். சொன்ன வேகத்தைத் தரவேண்டும். விசாரிக்காமல் யார் இணைப்பையும் துண்டிக்கக்கூடாது. பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாம்.

"நீ பேசு" என்றார் டீச்சர்.

"நானா?"

"நான் பேசினா சண்டை ஆயிடும். நீ அளந்து பேசுவ."

அவள் உண்மையாகவே அளந்தாள். பேச்சை அல்ல, வேகத்தை. பல வாரங்கள், வெவ்வேறு நேரங்களில். கம்பெனி வாக்குக் கொடுத்த வேகம் எது, வந்தது எது என்று ஒரு வரைபடம் போட்டாள். கல்லூரியை விட்ட பிறகு அவள் தனக்காகச் செய்த முதல் ஆய்வு அதுதான்.

சபை மண்டபத்தில் நாற்காலிகள் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தன. விசாரணைக் குழுவின் தலைவி சால்வை போர்த்திய, இருமல் உள்ள அம்மா. கம்பெனியின் சார்பில் ஓர் இளைஞர் வந்திருந்தார். அவளுடைய வயதுதான் இருக்கும். மரியாதையாகப் பேசினார். "எங்க பணத்தைப் போட்டுக் கேபிள் இழுத்தோம். எங்க இழுக்கணும்னு நாங்கதானே முடிவு பண்ணணும்? விதியைப் போட்டா அடுத்த தெருவுக்கு யார் முதலீடு பண்ணுவாங்க?" அதில் நியாயம் இல்லாமல் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு மளிகைக்கடைக்காரர் எழுந்து, "அரசாங்கத்துக்கிட்ட விட்டா அப்புறம் தண்ணி மாதிரி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் நெட் வரும், புடிச்சு வச்சுக்க அண்டாவும் கிடையாது" என்றார். மண்டபம் சிரித்தது. தலைவியும் இருமலோடு சிரித்தார்.

அவள் முறை வந்தது. காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் படித்தாள். குரல் நடுங்கினாலும் எண்கள் நடுங்கவில்லை. முடித்தபோது கடைசி வரிசையிலிருந்து டீச்சர் கைதட்டினார்.

கம்பெனி இளைஞர் கையைத் தூக்கினார். "ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க மேடம். ஒரே ஒரு சந்தேகம். நீங்க குடுத்த முகவரிக்கு எங்க இணைப்பு இல்ல. எப்படி அளந்தீங்க?"

பரிசோதனைக்கூடத்தில் யாரும் அவளிடம் எப்படி என்று கேட்டதில்லை. முடிவை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். அவள் முதல்முறையாகக் காகிதத்தைவிட்டுத் தலையைத் தூக்கினாள். மோடம் பக்கத்து வீட்டு முன்னறையில் இருப்பதைச் சொன்னாள். இடையில் இருக்கும் சுவரின் தடிமனைச் சொன்னாள். சுவரால் வரும் இழப்பைக் கழிக்க, டீச்சர் இல்லாத நேரத்தில் அவர் வீட்டிலேயே ஒரு கணினியை வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததைச் சொன்னாள். தினமும் அந்த இணைப்பில்தான் வேலை செய்வதால் அளவுகள் உண்மையான பயன்பாட்டைக் காட்டுகின்றன என்பதையும் சொன்னாள். முறையில் குறை இருந்தால் முடிவில் குறை வரும், அதனால் எதையும் விடவில்லை. இளைஞர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அவர் எண்களை எழுதுகிறார் என்று அவள் நினைத்தாள். யாரோ தன் பேச்சை எழுதிக்கொள்வது நன்றாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் டீச்சர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் பேசின" என்றார் பிறகு.

"ஏன் டீச்சர் ஒரு மாதிரி சொல்றீங்க?"

"அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லாம இருந்திருக்கலாம்."

"எப்படி அளந்தோம்னு சொல்லலைன்னா யாரு நம்புவாங்க?"

"நம்பினான்ல. அதான்" என்றார் டீச்சர்.

அப்போதும் அவளுக்குப் புரியவில்லை. அந்த வாரக் கடைசியில் புரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டு நடுவில் நின்றது. "கேக்குதா" என்றார் டீச்சர். பிறகு அதையும் நிறுத்திவிட்டார். அவளுடைய திரையிலும் பாதி இறங்கிய படம் அப்படியே நின்றது. சற்று நேரத்தில் டீச்சரின் கைபேசிக்குச் செய்தி வந்தது. இணைப்பை வீட்டுக்கு வெளியே உள்ளவருடன் பகிர்ந்ததாக நகர சபையின் பொது விசாரணையில் தெரியவந்ததால், ஒப்பந்தத்தின்படி சேவை நிறுத்தப்படுகிறது.

டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் அவள் கம்பெனியின் கடைக்குப் போனாள். பளபளவென்று கைபேசிகள் வைத்திருந்த கடை. கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தே பேசினாள்.

"இங்க யாரும் முடிவெடுக்க மாட்டாங்க மேடம். நம்பருக்குப் போன் பண்ணுங்க."

"நம்பர்ல ஆள் வர்றதில்ல."

"சேவை திருப்தியா இல்லைன்னா வேற கம்பெனிக்கு மாறிக்கலாம்."

"வேற கம்பெனி இல்லையே."

கவுண்டர் பெண் தலையைத் தூக்கினாள். "ஆமால்ல" என்றாள். "மாறிக்கலாம்னு சொல்லச் சொல்லித்தான் எழுதிக் குடுத்திருக்காங்க."

அங்கிருந்து சபை அலுவலகம் பக்கம்தான். வெளியே வெகுநேரம் நின்று, உள்ளே போய்ச் சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிப்பார்த்தாள். கடைசியில் குழுத் தலைவியே வெளியே வந்து, "வரைபடம் போட்ட பொண்ணுதானே நீ?" என்று கேட்டு அழைத்துப்போனார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"தண்ணிக் குழாய்ல பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு குடம் புடிச்சாங்கன்னு வாரியம் குழாயை அடைச்சிருந்தா, இப்பவே போன் போட்டுத் திறக்கச் சொல்லிடுவேன்" என்றார். "இவங்ககிட்ட எனக்கு அந்த அதிகாரம் இல்லம்மா. அந்த அதிகாரம் வேணுமா வேணாமான்னு பாக்கத்தான் விசாரணையே நடக்குது."

"விசாரணை எப்ப முடியும்?"

தலைவி இருமினார். "நீ சொன்ன எண்ணையெல்லாம்விட இதுதான் பெரிய சாட்சி. உங்க டீச்சர் அடுத்த அமர்வுல வந்து இதைச் சொல்லட்டும். விசாரிக்காம துண்டிச்சாங்க, போறதுக்கு வேற இடம் இல்ல. அது போதும். ஆனா மாசக்கணக்கு ஆகும், பொய் சொல்ல மாட்டேன்."

டீச்சரிடம் மாசக்கணக்கு இல்லை. முதலில் பல் டாக்டர் வேறு ஆசிரியரிடம் போனார். பிறகு அவசரக்காரர். அழும் பெண்ணின் அம்மா மட்டும் போன் செய்து, எப்போது சரியாகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் வந்தது. ஒருவர் தனியாகச் சாப்பிடும்போது தட்டு எவ்வளவு சத்தம் போடுகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தன் வீட்டிலும் அப்படித்தான் கேட்டிருக்கும். அவள் கவனித்ததில்லை.

பரிசோதனைக்கூடத்தின் மேற்பார்வையாளர், இனி நேரில் வரமுடியுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

ஒரு மாலை டீச்சர் அவள் வாசலில் வந்து நின்றார். "உள்ள வரலாமா கண்ணாடி?" உள்ளே வந்தாலும் உட்காரவில்லை.

"கம்பெனியில இருந்து போன் பண்ணினாங்க. மனுஷனே பேசினான். அந்த எழுதிக்கிட்டிருந்த பையன்தான்."

"என்ன சொன்னாங்க?"

"நல்லெண்ண அடிப்படையில திரும்பக் குடுக்கறாங்களாம். பிரச்சினை முடிஞ்சதுன்னு நான் ஒத்துக்கணும். சபைக்குப் போய்ப் புகார் சொல்லக்கூடாது. யாருக்கும் பகிரக்கூடாது. மாட்டறதுக்கு வர்ற ஆள் உன் வீட்டுக்குள்ளயும் வந்து சிக்னல் வருதான்னு பாப்பான். வந்தா மறுபடியும் கட்."

அவள் நாற்காலியை டீச்சர் பக்கம் நகர்த்தினாள்.

"உரிமைன்னு கேட்டா தரமாட்டான். கருணைன்னா வீட்டுக்கே கொண்டுவந்து தர்றான்" என்றார் டீச்சர். "வாங்கிட்டேன்னா அந்த இருமற அம்மாகிட்ட போய் நிக்க முடியாது. வாங்கலைன்னா நான் இங்க இருக்க முடியாது. தம்பி வீட்டுக்குத்தான் போகணும். மாடி ரூம் தர்றேங்கறான். வில்லை நீட்டினா அலமாரியில இடிக்கும். அவன் பொண்டாட்டி முகத்துல இடிக்கும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"உன்னைத்தான் கேக்கறேன். நீதான் எல்லாத்தையும் அளந்து பாக்கறவளாச்சே."

அளப்பதற்கு அதில் எதுவும் இல்லை. டீச்சர் வந்து பேசினால் விதி வரலாம். விதி வந்தால் அவள் வீட்டுக்கும் கேபிள் வரலாம். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இருக்கமாட்டார்கள்.

"வாங்கிக்கங்க டீச்சர்."

"உனக்கு?"

"லேபுக்கே போயிடறேன். பஸ் இருக்கு."

"உனக்கு மனுஷங்களைக் கண்டா ஆகாதே."

"மைக்ரோஸ்கோப்புல குனிஞ்சே இருந்தா யாரும் பேச மாட்டாங்க."

டீச்சர் அவள் தோளில் கை வைத்தார். எடுத்துவிட்டார். "தலைமுடியைக் கொஞ்சம் ஒழுங்கா வாரிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

டெக்னீஷியன் மத்தியான வேளையில் ஏணியோடு வந்தார். நடுத்தர வயது, கழுத்தில் துண்டு. டீச்சர் வீட்டு வேலையை முடித்துக்கொண்டு அவள் கதவைத் தட்டினார். அந்த வீட்டுக்குள் கம்பெனியின் ஆள் ஒருவர் வருவது அதுதான் முதல்முறை.

"உங்க வீட்டைச் சோதிக்கச் சொல்லியிருக்காங்க மேடம். தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவாயில்ல. வாங்க."

அவர் பையிலிருந்து கையடக்கமான ஒரு கருவியை எடுத்தார். சுற்றிப் பார்த்தார். "உங்களுக்கு லைன் வேணும்னா விண்ணப்பம் போடலாமே?"

"போட்டேன். வரைபடத்துல என் வீடு இல்லையாம்."

அவர் நம்பாமல் கைபேசியை எடுத்துப் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார். தெரு டீச்சர் வீட்டோடு முடிந்தது. அதற்கு அப்பால் வெறும் சாம்பல் நிறம். நீலப் புள்ளி அந்தச் சாம்பலுக்குள் நின்றுகொண்டிருந்தது.

"நான் காட்டுக்குள்ள நிக்கறேன்னு காட்டுது" என்றார் அவர்.

முன்னறையில் கருவியைச் சுவரோடு வைத்துப் பிடித்தார். ஒன்றும் வரவில்லை. படுக்கையறையிலும் வரவில்லை. கருவியைப் பைக்குள் வைக்கப் போனார்.

அளந்த நாட்களில் சிக்னல் எங்கே அதிகம் என்று அவள் பார்த்துவைத்திருந்தாள். இரண்டு வீட்டு ஜன்னல்களும் நெருங்கும் இடம் அது. அவர் இப்போது போய்விட்டால் அங்கே நின்று தினமும் சில படங்களை இறக்கிக்கொள்ளலாம். என்றாவது ஒருநாள் வேறொருவர் வந்து கண்டுபிடிப்பார், டீச்சரின் இணைப்பு மறுபடியும் நின்றுபோகும்.

"அடுப்படி ஜன்னல் பக்கமும் பாத்துடுங்க" என்றாள்.

அவர் போய்ப் பார்த்தார். "அட, இங்க வருதே" என்றார். அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். டீச்சர் வீட்டுக்குப் போய் மோடத்தைக் கோடி அறைக்கு மாற்றிவிட்டு வந்து, அதே ஜன்னல் ஓரத்தில் மறுபடியும் பிடித்தார்.

"இப்ப சைபர். சுத்தமா சைபர்."

"இது எப்படி அளக்குது?"

"எது?"

"இந்தக் கருவி. எந்த அலைவரிசையில வச்சிருக்கீங்க?"

அவர் கருவியைத் திருப்பிப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல இதை யாரும் கேட்டதில்ல மேடம்" என்றார். ஏணியைச் சுவரில் சாய்த்தார். ஒவ்வொரு பொத்தானாகக் காட்டி விளக்கினார். எது செங்கல் சுவருக்கு, எது இரும்புக் கம்பி போட்ட சுவருக்கு, மழை நாளில் எவ்வளவு மாறும். சொல்லிக்கொண்டே போனார். அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு மேலும் சொன்னார். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதை அவரே கண்டுபிடித்து ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.

விசாரணையின் அடுத்த அமர்வு வரப்போகிறது. டீச்சர் வரமுடியாது. அவள் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவுமில்லை. வெள்ளைத் தாளை எடுத்து உட்கார்ந்தாள். என் வீட்டுக்கு இணைய இணைப்பு இல்லை என்று எழுதினாள். கேட்டும் தரவில்லை என்று எழுதினாள். அதற்கு மேல் வரவில்லை. கருவி பற்றியோ, அதைப் பிடித்தவர் பற்றியோ, அடுப்படி ஜன்னல் பற்றியோ எழுதப்போவதில்லை.

அந்த இளைஞர் மறுபடியும் கையைத் தூக்குவார். எப்படித் தெரியும் மேடம் என்பார். என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தாள்.

நான் அங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லலாம் என்று தோன்றியது.